மேகப்படத்தின் மேல் வரைந்த கோடு

என் பள்ளிப் பருவத்தில் எங்கள் தெருவில் தொலைக்காட்சிப் பெட்டி இருந்த வீடுகள் இரண்டே. இரவுச் செய்தியின் இறுதியில் 'இன்சாட்' எடுத்த படம் என்று தூர்தர்ஷனில் ஒன்றைக் காட்டுவார்கள். கரிய பின்னணியில் பஞ்சைப் பிய்த்துத் தூவியதுபோல் வெண்மேகங்கள். அவற்றினூடே குமரிமுனை வரையிலும் இந்தியாவின் எல்லைக்கோடு. விண்ணிலிருந்து நோக்கினால் நாட்டின் எல்லை இவ்வாறு கோடு கிழித்தாற்போல் தெரியும் என்றே நெடுங்காலம் நம்பியிருந்தேன். கல்லூரி விடுதியில் உடனுறைந்த இயற்பியல் மாணவர் ஒருவர்தாம், அந்தக் கோடு படத்தில் இல்லை, பின்னால் சேர்க்கப்பட்டது என்று சொல்லி என் அறியாமையைப் போக்கினார். அன்று சற்று ஏமாற்றமாகத்தான் இருந்தது.

பிற்காலத்தில் சுவடிப் பதிப்பு வரலாற்றைப் பாடமாக நடத்தத் தொடங்கியபோது, படத்தைக் காட்டிலும் அந்தக் கோடே எனக்குச் சுவையான பொருளாகத் தோன்றலாயிற்று. அதை வரைந்தவர் யார்? எதை அளவாகக் கொண்டு வரைந்தார்? கோடு சற்று விலகினால் என்ன நேரும்? விண்வெளி வரலாறு என்றால் ஏவுகலங்களின் வரலாற்றையே நம்மவர்கள் எழுதுகிறார்கள். கீழே வந்து சேர்ந்த படங்களையும் எண்களையும் மேசையில் பரப்பிவைத்துப் பொருள்கண்டவர்களின் வரலாறு அதிகம் எழுதப்படவில்லை. அதில் நான் படித்தறிந்த சிலவற்றை நண்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம். நான் அறிவியல் கற்றவன் அல்லன். தமிழாசிரியனின் கண்கொண்டே இவற்றை நோக்குகிறேன்.

மேலிருந்து பார்த்தால் கீழிருப்போர் அறியாதது தெரியும் என்பதற்கான முதற்சான்று செயற்கைக்கோள்களுக்கு முந்தியது. 1954 அக்டோபரில் அமெரிக்கக் கடற்படையினர் ஆராய்ச்சிக்காக ஏவிய ராக்கெட் ஒன்று படச்சுருளோடு திரும்பி வந்தது. அப்படங்களை ஒட்டிச் சேர்த்துப் பார்த்தபோது டெக்சாஸ் பகுதிக்கு மேலே ஒரு புயற்சுழல் தென்பட்டது. தரையிலிருந்த வானிலை நிலையங்கள் எவையும் அதனைச் சுழலென அறிந்திருக்கவில்லை. அமெரிக்க வானிலைத்துறையைச் சேர்ந்த ஹாரி வெக்ஸ்லர், அதே ஆண்டில், விண்ணிலிருந்து நோக்கினால் மேகங்கள் எவ்வாறு தோன்றும் என்பதைக் கணித்து ஓர் ஓவியமாகவே வரைவித்துக் காட்டியிருந்தார். கருவி பிறப்பதற்கு முன்பே படம் வரைந்து வைத்துக் காத்திருந்த மனிதர் அவர்.

1960 ஏப்ரல் முதல் நாள், கேப் கனாவரலிலிருந்து டைரோஸ்-1 ஏறியது. 120 கிலோ அளவு எடை. பதினெட்டுப் பக்கங்கள் கொண்ட பெரிய மத்தளம் போன்ற வடிவம். உடலெங்கும் சூரிய மின்கலங்கள். உள்ளே இரண்டு தொலைக்காட்சிக் கேமராக்கள். நிலையத்தின் பார்வையில் இல்லாதபோது எடுக்கும் படங்களைச் சேமிக்க ஒவ்வொன்றுக்கும் ஒரு காந்தநாடாப் பதிவி. அதில் 32 படங்கள் அடங்கும். முதற்படம் அன்றைக்கே அதிபர் ஐசனோவரின் கைக்குப் போயிற்று. பத்தே நாட்களில் ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே கடலில் சுழன்றுகொண்டிருந்த ஒரு புயலையும் அது படம்பிடித்தது. 78 நாட்கள் உழைத்து 22,952 படங்களை அனுப்பிவிட்டு ஓய்ந்தது. அவற்றுள் 19,389 பயன்படத்தக்கவை என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

இதுவரை எல்லா நூல்களிலும் இருக்கும் செய்தி. அந்தப் படங்கள் எப்படிப்பட்டவை என்பதைத்தான் கவனிக்க வேண்டும். டைரோஸ் பம்பரம்போல் தன்னைத்தானே சுற்றிக்கொண்டு சென்றது. சுழலும் பம்பரத்தின் அச்சு திசைமாறாது நிற்பதுபோல் அதன் அச்சும் வான்வெளியில் ஒரே திசையை நோக்கி நின்றது. ஆகவே புவியைச் சுற்றிவரும் பாதையில் ஒரு பகுதியில் மட்டுமே கேமரா புவியை நோக்கும்; மறுபகுதியில் வெற்று வெளியை நோக்கும். புவியை நோக்கும்போதும் நேர்க்கீழே நோக்குவது சிறுபொழுதே. ஏனைய நேரங்களில் சாய்ந்த பார்வைதான். ஒரு படத்தில் தொடுவானம் வளைந்து கிடக்கும். அடுத்த படத்தில் அது மூலையில் ஒதுங்கியிருக்கும். போதாக்குறைக்கு, அச்சு அசையாது என்று எண்ணியிருந்தவர்களை ஏமாற்றி அது மெல்ல நகரலாயிற்று. கலத்தினுள் ஓடிய மின்னோட்டத்தின் மீது புவியின் காந்தப்புலம் செயற்பட்டதே காரணம் என்று பின்னர் கண்டார்கள். அந்தக் குறையையே குணமாக்கி, அடுத்து வந்த டைரோஸ்-2இல் வேண்டுமென்றே ஒரு கம்பிச்சுருளை வைத்து, காந்தப்புலத்தைக் கொண்டே அச்சைத் திருப்பக் கற்றுக்கொண்டார்கள். இது பிற்பாடு. முதற்கலத்தின் படங்களை வாங்கியவர்களின் நிலை வேறு.

ஒரு படம் வருகிறது. நடுவில் ஒரு வெண்சுழல். அது உலகில் எங்கே இருக்கிறது? படத்தில் எழுதியிருக்காது. படம் எடுத்த கணத்தில் கலம் எங்கே இருந்தது, அச்சு எப்பக்கம் சாய்ந்திருந்தது என்பனவற்றை முதலில் கணக்கிட வேண்டும். பிறகு சாய்ந்த பார்வைக்கேற்ப வளைந்த அட்சரேகை, தீர்க்கரேகைகளைப் படத்தின்மேல் வரைய வேண்டும். மேகங்களுக்கிடையே ஒரு கடற்கரையோ ஏரியோ தற்செயலாகத் தெரிந்தால் அதனோடு பொருத்திச் சரிபார்க்கலாம். நடுக்கடலில் அந்த உதவியும் இல்லை. நியூஜெர்சியிலும் ஹவாயிலும் இருந்த தரை நிலையங்களில் இந்த வேலை கையாலேயே நடந்தது. பின்னர் மேகக்கூட்டங்களின் எல்லைகளை வேறொரு வரைபடத்தில் கோட்டுருவமாகப் பெயர்த்து எழுதி, குறியீடுகள் இட்டு, தொலைநகலில் வானிலை மையங்களுக்கு அனுப்பினார்கள். முன்னறிவிப்பாளர் பலருக்கும் எட்டியது படமன்று. படத்தை ஒருவர் படித்துப் பார்த்து எழுதிய உரைதான். மூலத்தைக் காணாது உரையை மட்டும் கண்டு பொருள்கொள்ளும் இடர்ப்பாடு நம்மவர்களுக்குப் புதிதன்று.

ஒரு பாகை என்பது நிலத்தில் சுமார் 111 கிலோமீட்டர். நாகப்பட்டினத்துக்கும் கடலூருக்கும் இடையே அட்சரேகையில் உள்ள வேறுபாடு ஏறத்தாழ அதே ஒரு பாகைதான். மேசைமேல் கோடு வரைபவரின் கை ஒரு பாகை தவறினால், புயலுக்குப் பாயை மடித்துக்கொண்டு கிளம்ப வேண்டிய ஊரே மாறிவிடும்.

இந்தச் சிக்கலை வேறு வழியில் அவிழ்த்தவர் விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியர் வெர்னர் சுவோமி. 1915இல் மினசோட்டாவில் பிறந்தவர். கலம் சுழல்வதால்தானே தொல்லை, அந்தச் சுழற்சியையே வேலைவாங்கினால் என்ன என்று எண்ணினார். புவியின் சுழற்சியோடு ஒத்துச் சுற்றுவதால் ஒரே இடத்துக்கு மேலே நிற்பதுபோல் தோன்றும் உயரத்தில் ஒரு கலத்தை நிறுத்துவது. அது ஒருமுறை சுழலும்போது கருவி புவியின் குறுக்கே ஒரே ஒரு கீற்றை மட்டும் வருடிப் பதிவது. அடுத்த சுழற்சிக்குள் பார்வை சிறிதளவு கீழிறங்கி அடுத்த கீற்றைப் பதிவது. நெசவாளி ஊடையிழை கோப்பதுபோல் இரண்டாயிரம் வரிகள் சேர்ந்தால் புவியின் முழுமுகம். ராபர்ட் பேரண்ட் என்னும் பொறியாளரோடு சேர்ந்து அவர் உருவாக்கிய இக்கருவி 1966 டிசம்பரில் ஏடிஎஸ்-1 செயற்கைக்கோளில் பறந்தது. ஒரு முழுப்படத்துக்கு இருபது நிமிடம் ஆயிற்று. அடுத்த ஆண்டு நவம்பரில் சென்ற ஏடிஎஸ்-3 வண்ணத்திலேயே தந்தது.

ஒரே இடத்திலிருந்து அடுத்தடுத்து எடுத்த படங்கள் என்பதால் அவற்றைத் திரைப்படம்போல் ஓடவிட முடிந்தது. மேகம் நகரும் தொலைவை அளந்து காற்றின் வேகத்தைக் கணக்கிட முடிந்தது. இதற்கெனக் கணினித் திரையின் முன் மனிதர் அமர்ந்து படத்தோடு உரையாடும் ஒரு முறையை 1970களின் தொடக்கத்தில் சுவோமியின் குழுவினர் அமைத்தனர். மக்கிடாஸ் என்று அதற்குப் பெயர். அங்கேதான் படம் என்பது ஒளிப்படத் தாளிலிருந்து விடுபட்டு எண்களின் அடுக்காக மாறியது. தொலைக்காட்சியில் நான் கண்ட எல்லைக்கோடும் அந்த மாற்றத்தின் வழிவந்ததே. 1983 ஆகஸ்டில் ஏவப்பட்ட இன்சாட்-1பி அனுப்பிய தரவுகளைத் தில்லியிலிருந்த வானிலைத் தரவுப் பயன்பாட்டு மையத்தில் பதப்படுத்தினார்கள். அகச்சிவப்புப் படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் 11 கிலோமீட்டர். அன்றைய சென்னை மாநகரம் முழுவதும் விரல்விட்டு எண்ணத்தக்க சில புள்ளிகளுக்குள் அடங்கிவிடும்.

படம் தெளிவானதால் உயிர்கள் தப்பினவா என்றால், உடனே இல்லை. 1970 நவம்பரில் வங்கக்கடலில் எழுந்த புயலை ஐடாஸ்-1 என்ற அமெரிக்கச் செயற்கைக்கோள் 11ஆம் நாள் தெளிவாகவே படம்பிடித்தது. 12ஆம் நாள் இரவு, கடல் ஏற்றமும் சேர்ந்த வேளையில், அது அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின் போலா தீவையும் சுற்றியிருந்த தீவுகளையும் மோதியது. மாண்டவர்கள் மூன்று இலட்சத்துக்குக் குறையார் என்பர். ஐந்து இலட்சம் வரை சொல்பவர்களும் உண்டு. புயல் வருவது தெரிந்திருந்தது. எவ்வளவு பெரியது, எந்த ஊரார் எப்போது எங்கே செல்ல வேண்டும் என்ற செய்தி தீவு மக்களுக்குப் புரியும் வடிவில் போய்ச் சேரவில்லை. அந்தப் படத்தை இன்றும் காணலாம். நான் பார்த்திருக்கிறேன். மறுமுறை பார்க்க மனம் ஒப்பவில்லை.

படத்தில் சுழல் இருக்கிறது என்பதிலிருந்து அதன் வலிமை இவ்வளவு என்பதற்குப் போக ஒரு பாலம் தேவைப்பட்டது. அதை அமைத்தவர் வெர்னான் டுவோராக். புயலின் நடுவிலுள்ள கண், அதைச் சூழ்ந்த மேகத்தின் திரட்சி, வளைந்துவரும் பட்டைகள் எவ்வளவு தூரம் சுற்றியிருக்கின்றன என்பன போன்ற அடையாளங்களைக் கொண்டு ஒன்றுமுதல் எட்டுவரை எண்ணிடும் ஒரு முறையை அவர் வகுத்து 1975இல் வெளியிட்டார். 1984இல் அகச்சிவப்பு வெப்பநிலைகளையும் சேர்த்து விரித்தார். புயல் ஒரே நாளில் தாறுமாறாக எகிறிவிடாது என்ற அனுபவ அறிவும் விதியாக உள்ளே வைக்கப்பட்டது. இலக்கணம் எழுதுவது போன்ற வேலை இது. நூற்றுக்கணக்கான புயல்களின் உருவங்களைப் பார்த்துப் பார்த்துப் பொதுமையைக் கண்டு நூற்பா செய்திருக்கிறார். விமானத்தைப் புயலினுள் செலுத்தி அளக்கும் வழக்கம் வங்கக்கடலில் இல்லை. ஆகவே, கரையை நெருங்கும்வரை புயலின் வலிமையைச் சொல்ல இந்திய வானிலைத்துறைக்கும் இம்முறையே முதன்மையான துணையாக இருந்து வந்திருக்கிறது.

இனி, தரவைப் பதப்படுத்துவதில் உள்ள இடர் ஒன்றைப் பற்றி. இது நண்பர்கள் பலரும் கேள்விப்பட்ட கதை. ஆனால் கேள்விப்பட்ட வடிவம் முற்றிலும் சரியன்று.

1985 மே மாதம் 'நேச்சர்' இதழில் ஜோசப் ஃபார்மன், பிரையன் கார்டினர், ஜொனாதன் ஷாங்க்லின் ஆகிய மூவர் ஒரு கட்டுரை வெளியிட்டனர். அண்டார்க்டிக்காவின் ஹாலி விரிகுடாவில் இருந்த பிரித்தானிய நிலையத்தில், 1950களின் இறுதியிலிருந்து, டாப்சன் என்பவர் வடிவமைத்த பழைய கருவியைக் கொண்டு ஓசோனை அளந்துவந்தார்கள். அக்டோபர் மாதச் சராசரி 300 அலகு அளவில் இருந்தது 1984இல் 200க்கும் கீழே போயிருந்தது. ஃபார்மன் அவசரப்படவில்லை. கருவி பழுதோ என்று ஐயுற்றுப் புதிய கருவி வருவித்துப் பார்த்தார். வேறு நிலையத்தின் அளவுகளோடும் ஒப்பிட்டார். அதன் பின்னரே எழுதினார்.

1978 அக்டோபரிலிருந்தே நிம்பஸ்-7 என்ற செயற்கைக்கோள் உலகம் முழுமைக்கும் ஓசோனை அளந்துகொண்டிருந்தது. அது ஏன் காணவில்லை? கணினி நிரல், 180 அலகுக்குக் கீழே வந்த எண்களைப் பிழையென்று தூக்கி எறிந்துவிட்டது என்பதே வழக்கில் உள்ள கதை. மேடைகளில் சொல்வதற்கு ஏற்ற கதைதான். நானும் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். உண்மையில் எதுவும் எறியப்படவில்லை. நம்பத்தகாதது என்று ஒரு குறி இடப்பட்டது. எண் அப்படியே இருந்தது. 1984இல், முந்தைய ஆண்டு அக்டோபரின் தரவை ஆராய்ந்த நாசா அறிவியலாளர்கள், அந்தக் குறிகள் அண்டார்க்டிக்காவின் மேல் திரண்டு கிடப்பதைக் கண்டுகொண்டார்கள். பிழை என்றால் சிதறிக் கிடக்க வேண்டும், ஓரிடத்தில் திரளுமா? ஒப்பிட்டுப் பார்க்கத் தென்துருவத்தில் இருந்த அமெரிக்க நிலையத்தின் அளவை எடுத்தார்கள். அது 300 என்றது. சரி, செயற்கைக்கோள்தான் பொய் சொல்கிறது என்று எண்ணத் தோன்றுமா இல்லையா? அந்தத் தரைக்கருவி தவறான அலைநீளத்தில் இயக்கப்பட்டிருந்தது என்பது பின்னரே தெரிந்தது. நல்ல படியைத் தவறான படியோடு ஒப்பிட்டு, நல்லதையே ஐயுற்ற நிகழ்ச்சிகள் நம் பதிப்பு வரலாற்றிலும் உண்டு. குழுவில் இருந்த பி. கே. பார்த்தியா என்ற இந்திய வம்சாவளி அறிவியலாளர் 1985 ஆகஸ்டில் பிராக் நகரக் கூட்டத்தில் செயற்கைக்கோள் தரவை முன்வைத்தார். ஒரு நிலையத்தின் மேலுள்ள குறைவன்று, ஒரு கண்டத்தின் மேலுள்ள குறைவு என்பது அந்தப் படத்தால்தான் உலகுக்கு விளங்கியது. 1987 செப்டம்பரில் மாண்ட்ரியல் உடன்பாடு கையெழுத்தாயிற்று.

இதில் என்னைக் கவர்ந்தது ஒன்றே. குறியிட்டவர்கள் அழிக்கவில்லை. பொருந்தாத பாடத்தை நீக்கிவிடாமல் அடிக்குறிப்பில் வைத்த பதிப்பாசிரியரின் நேர்மை அது. சீவக சிந்தாமணியை 1887இல் பதிப்பித்த உ.வே.சா. அவர்களின் வழியில் வந்த நமக்கு இதன் அருமை தெரியும்.

சுவடி என்றதும் நினைவுக்கு வருவது இன்னொரு நிம்பஸ். நிம்பஸ்-1 என்பது 1964 ஆகஸ்ட் 28 அன்று ஏவப்பட்டது. டைரோஸைப்போல் அன்றி எப்போதும் புவியையே நோக்கும்படி அமைந்த கலம். இரவிலும் அகச்சிவப்பில் படமெடுக்கவல்லது. சூரியத் தகடுகளைத் திருப்பும் பொறி இறுகிப்போனதால் ஒரு மாதங்கூட நிறையாமல் இறந்துவிட்டது. அது அனுப்பிய படங்கள் தொலைக்காட்சித் திரையில் தோன்றியபோது அத்திரையையே ஒளிப்படமெடுத்து 35 மில்லிமீட்டர் படச்சுருள்களில் பதிந்து வைத்தார்கள். அன்றைய நோக்கம் மேகங்கள். பனிக்கடலைப் பற்றி அப்போது யாரும் கேட்கவில்லை. சுருள்கள் பெட்டிகளில் உறங்கின.

துருவக் கடற்பனியின் பரப்பைத் தொடர்ந்து காட்டும் நுண்ணலைப் பதிவு 1978 இறுதியில்தான் தொடங்குகிறது. அதற்கு முன் என்ன நிலை என்பது கப்பல்களும் விமானங்களும் கண்ட துண்டுதுணுக்குகளே. கொலராடோ மாநிலத்தின் போல்டர் நகரில் உள்ள தேசியப் பனித் தரவு மையத்தைச் சேர்ந்த டேவிட் கல்லஹர், காரெட் கேம்பல் முதலியோர், உறங்கிய சுருள்களை எழுப்பினார்கள். ஒவ்வொரு படமாக வருடி எண்களாக்க வேண்டும். அரை நூற்றாண்டுக்கு முந்தைய சுற்றுப்பாதைக் கணக்கை மீண்டும் போட்டு ஒவ்வொன்றும் எங்கே எடுக்கப்பட்டது என்று நிறுவ வேண்டும். மேகமும் வெள்ளை, பனியும் வெள்ளை; ஒரே இடத்தின் பல நாட்படங்களை அடுக்கி, நகர்வது மேகம், நிற்பது பனி என்று பிரிக்க வேண்டும். ஏட்டில் புள்ளி இல்லாத எழுத்தைப் படித்த கைகளுக்கு இந்த வேலையின் களைப்பு விளங்கும்.

2013இலும் 2014இலும் முடிவுகள் வெளிவந்தன. 1964 செப்டம்பரில் அண்டார்க்டிக்கக் கடற்பனியின் பரப்பு 1.97 கோடி சதுர கிலோமீட்டர். 2012இல் பதிவாகியிருந்த உச்சத்தைக் காட்டிலும் மிகுதி. ஆனால் நிம்பஸ்-2 படங்களிலிருந்து கண்ட 1966 ஆகஸ்ட் அளவோ 1.59 கோடி மட்டுமே. இரண்டே ஆண்டுகளில் இவ்வளவு ஏற்றத்தாழ்வு இருந்ததென்று யாரும் எதிர்பார்க்கவில்லை. 2014இல் அப்பனி 2.01 கோடிவரை விரிந்து புதிய உச்சம் கண்டது. 2023 செப்டம்பரிலோ குளிர்கால உச்சமே சுமார் 1.7 கோடியில் நின்றுவிட்டது. நுண்ணலைப் பதிவு தொடங்கியதிலிருந்து அவ்வளவு குறைவான குளிர்கால உச்சம் அதற்கு முன் கண்டதில்லை. புவி வெப்பமாதல் அண்டார்க்டிக்கப் பனியை இறுதியில் தாக்கத் தொடங்கிவிட்டதா, 1960களில் கண்டதுபோன்ற இயல்பான ஊசலா என்று அறிவியலாளர்கள் கேட்கும்போதெல்லாம், ஒரு மாதங்கூட வாழாத அந்தக் கலத்தின் சுருள்கள் சாட்சிக்கு அழைக்கப்படுகின்றன.

வட துருவத்தைப் பொறுத்தவரை 1964 செப்டம்பரின் அளவு 69 இலட்சம் சதுர கிலோமீட்டர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். 1979க்குப் பின்வந்த சில ஆண்டுகளின் அளவுக்கு அது நெருக்கமானதே. அங்கே சரிவு தொடங்கியது பின்னாளில்தான் என்பதற்கு அது துணைநிற்கிறது.

இந்தப் பணியில் பனி எங்கே முடிந்து கடல் எங்கே தொடங்குகிறது என்பதைக் கணினியிடம் ஒப்படைக்க முடியவில்லை. பழைய படங்களின் ஒளியளவு சீராக இல்லை. எனவே படங்களைத் திரையில் விரித்து, கண்ணால் பார்த்து, பனியின் விளிம்பைப் புள்ளி புள்ளியாகக் கையாலேயே குறித்தார்கள்.